தண்ணீர் இறங்காத மெஷினும் என் மாமனாரும்

1

சேலத்தில் இருக்கும் என் தங்கை பாத்திரம் கழுவும் மெஷின் வாங்கியிருக்கிறாள். ஊரில் இப்போது எல்லோர் வீட்டிலும் வந்துவிட்டதாம். எல்லோர் வீடு என்றால் அவள் தெருவில் மூன்று வீடு. அவள் கணக்கு சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வாங்கிய மாதமே டம்ளரெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை பூத்துவிட்டது. படமெடுத்து எனக்கு அனுப்பி, நீதான் அதில் பழம் தின்று கொட்டை போட்டவள், விவரமாக எழுதி அனுப்பு என்று ஓர் உத்தரவும் போட்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஜெர்மனியின் இந்தச் சின்ன ஊருக்கு வந்து வருடம் பதினாறு ஆகிறது. இன்னமும் இந்த ஊர் மொழியில் என்னால் ஒழுங்காகச் சண்டை போட முடியாது. ஆனால் பாத்திர மெஷினின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

வெள்ளை பூப்பது தண்ணீரின் குற்றமடி தங்கச்சி, மெஷினின் குற்றமில்லை. சேலம், நாமக்கல் போர்த் தண்ணீரில் பருப்பே வேகாது, டம்ளர் எப்படிப் பளபளக்கும்? மெஷினின் அடித்தளத்தில் திருகு மூடி போட்ட ஒரு குழி இருக்கும். அது உப்புக்கு. அதற்கென்றே விற்கும் உப்பைத்தான் போட வேண்டும். நீ கல் உப்பைப் போட்டாயோ, சமையல் உப்பைப் போட்டாயோ, எனக்குத் தெரியாது. போட்டிருப்பாய் என்று மட்டும் தெரியும். தட்டில் குழம்புக்கறை போகவில்லை என்றால் தண்ணீரைப் பீய்ச்சும் கைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பார். அந்தச் சின்ன ஓட்டைகளில் கடுகு போய் உட்கார்ந்திருக்கும். பல்குச்சியால் நோண்டி எடுத்தால் சரியாகிவிடும். சோப்பு வில்லை கரையாமல் அப்படியே இருந்தால் மெஷினைத் திட்டாதே. பெரிய தட்டு ஒன்று அந்தப் பெட்டியின் மூடி திறக்கவிடாமல் முட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

கடைசியாக, தண்ணீர் இறங்காமல் அடியில் தேங்கி நிற்பது. எல்லோருக்கும் வருகிற தொல்லை அது. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் என் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் எழுத முடியாது என்று புரிந்தது. அதனால் தங்கைக்கு எழுத ஆரம்பித்தது உங்கள் எல்லோருக்குமாக நீண்டுவிட்டது.

2

என் மாமனாருக்கு நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் காடும் மரவள்ளிக் காடும் உண்டு. நான் வாழப்பாடிக்காரி. கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவரிடம் நான் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் என்னிடம் பேசியதில்லை. சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வீட்டு வழக்கம் அது. மருமகள் மாமனார் முன்னால் உட்கார மாட்டாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். சொல்ல வேண்டியதை அத்தையிடம் சொன்னால் அத்தை அவரிடம் சொல்வார். அவர் பக்கத்து அறையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். ஆனாலும் அத்தை வாய்வழியாகப் போனால்தான் அது அவருக்குச் சொன்னதாகக் கணக்கு.

இந்தக் காலத்தில் இப்படியா என்று என்னோடு வேலை பார்க்கும் பெண்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது பாரமாக இருந்ததே இல்லை. அத்தை நடுவில் இருந்தவரை அவரும் நானும் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் அத்தை போய்விட்டார். வருடத் திதி முடிந்ததும், தனியாக அந்தப் பெரிய வீட்டில் கிடக்க வேண்டாம், மூன்று மாதம் இங்கே வந்து இருங்கள் என்று என் கணவர் செந்தில் பிடித்த பிடியில் நின்றார். விசாவுக்கு நாங்கள் பட்ட பாடு தனிக்கதை. இங்குள்ள அலுவலகத்தில் ஒரு அதிகாரி, மூன்று மாதம் உங்கள் மாமனார் என்ன செய்வார் என்று என்னிடம் கேட்டார். சும்மா இருப்பார் என்பதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்தமட்டில் சொன்னேன். அவர் எதையும் செய்ய மறுப்பார் என்பதுபோல அது போய் விழுந்திருக்கிறது. அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். செந்தில் குறுக்கே புகுந்து சமாளித்ததால் பிழைத்தோம்.

மாமா வந்து இறங்கினார். இரண்டு பெட்டியில் ஒன்று முழுக்க மஞ்சளும் ஜவ்வரிசி வடகமும்.

3

அத்தை இருந்த இடத்துக்கு எங்கள் மகள் இனியா வந்தாள். பதினோரு வயது. தாத்தாவைச் சாப்பிட வரச் சொல் என்பேன். அவள் இருந்த இடத்தில் இருந்தே, பாதித் தமிழும் பாதி ஜெர்மனுமாக ஒரு கூப்பாடு போடுவாள். மரியாதைப் பன்மையெல்லாம் அவளிடம் என்றோ உதிர்ந்துவிட்டது. தாத்தா நீ வா, தாத்தா நீ சாப்பிடு என்பாள். ஊரில் பச்சைக்குழந்தைகூட வாங்க போங்க என்று பேசும் குடும்பம் அது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும். மாமா மட்டும் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அவர் இங்கு வந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஒருநாள் இனியா என்னைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா அங்கதானே இருக்கு. நீயே ஏன் சொல்லல? உனக்கும் தாத்தாவுக்கும் சண்டையா?"

மரியாதை என்றேன். மரியாதை என்றால் பேசாமல் இருப்பதா என்று கேட்டாள். போய் வீட்டுப்பாடம் எழுது என்று விரட்டிவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் இருப்போம். செந்தில் அப்பாவுக்குப் பரிமாறுவார். மதியம்தான் அவரும் நானும் மட்டும். குழந்தைகள் காப்பகத்துச் சமையலறையில் எனக்குக் காலை வேலை. முடித்துவிட்டு ஓடிவந்து சோறு வடித்து, குழம்பு ரசம் பொரியலோடு தட்டில் போட்டு மேசையில் வைப்பேன். வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவேன். நான் நின்றால் அவர் சாப்பிட மாட்டார். காட்டில் மண்வெட்டி பிடித்த மனிதர், மறுசோறு கேட்க ஆளில்லையே என்று நானாக நினைத்துக்கொண்டு, முதலிலேயே தாராளமாக வைப்பேன். திரும்பி வரும்போது மேசை துடைத்துச் சுத்தமாக இருக்கும். தட்டைக்கூட அவரே மெஷினுக்குள் வைத்திருப்பார். பார் எப்படிப்பட்ட மனிதர் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

4

முதலில் மெஷினிலிருந்து ஒரு புளித்த வாடை வந்தது. அடியில் இருக்கும் வடிகட்டியைத் திருகி எடுத்தேன். சோறு. குழைந்து கூழாகி அடைத்துக்கொண்டிருந்தது. இனியாவைக் கூப்பிட்டு, தட்டை வழித்துவிட்டு வைக்கத் தெரியாதா, உன் அப்பா அரிசி ஆலையா வைத்திருக்கிறார் என்று நன்றாக டோஸ் விட்டேன். அவள் நான் இல்லை என்று இரண்டு மொழியிலும் சத்தியம் செய்தாள். திருட்டுக்கழுதை என்று மனதில் சொல்லிக்கொண்டு வடிகட்டியைக் கழுவிப் போட்டேன்.

அடுத்த வாரம் இனியா பள்ளியில் சுற்றுலா என்று போய்விட்டாள். அதே வாரம் பார்த்து செந்திலுக்கும் வேறு ஊரில் வேலை. வீட்டில் மாமாவும் நானும் மட்டும். நடுவில் ஆளே இல்லை.

எங்கள் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சாப்பாடு தயார் என்பதை நான் தட்டு வைக்கும் சத்தத்தில் சொல்வேன். வெளியே நடக்கப் போகிறேன் என்பதை அவர் செருப்பைத் தரையில் தட்டிச் சொல்வார். குளிர்கிறதா, மாத்திரை போட்டீர்களா என்று கேட்க வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளையும் இப்படியே போனது. போதாக்குறைக்குச் செந்தில் தொலைபேசியில் ஒரு குண்டைப் போட்டார்.

"அப்பா டிக்கெட்டை மாத்திக் குடுன்னு கேக்கறாரு. அடுத்த வாரமே ஊருக்குப் போறாராம். காரணம் சொல்ல மாட்டேங்கறாரு. சோறு கீறு ஒழுங்காப் போடறியா நீ?"

எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. வேலையிலிருந்து ஓடிவந்து வடித்துக் கொட்டுகிறேன், என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! கோபத்தைக் கத்தித் தீர்க்க ஆளில்லை, கரண்டியில் தீர்த்தேன். அன்றிலிருந்து மாமாவின் தட்டில் சோற்றைக் குன்றாகக் குவித்தேன். குறை வைத்தேன் என்று ஒரு வாய் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு. உள்ளுக்குள் பயமும் இருந்தது. அத்தை இல்லாத அந்த வீட்டுக்கு அவர் பாதியில் திரும்பிப் போனால், மருமகள் கை சரியில்லை என்று ஊர் பேசும். ஊர் கிடக்கட்டும். அவர் அங்கே ஒற்றை ஆளாக ஒரு டம்ளர் அரிசி களைந்து வடிப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மெஷின் அடியோடு நின்றுவிட்டது. கதவைத் திறந்தால் அடியில் நான்கு விரல் ஆழத்துக்குக் கலங்கல் தண்ணீர். வடிகட்டியைப் போன வாரம்தானே கழுவினேன், அதனால் உள்ளே பம்ப் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். மெஷின் இந்த வாடகை வீட்டின் உரிமையாளருடையது. அவர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மெஷின் தண்ணீரைத் துப்ப மாட்டேன் என்கிறது என்று தமிழில் நினைத்து ஜெர்மனில் சொன்னேன். அந்தப் பக்கத்துப் பெண் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. மின்னஞ்சல் அனுப்புங்கள், நான்கு பக்கமும் படமெடுத்து இணையுங்கள், ஆள் வர மூன்று வாரம் ஆகும், அதற்குமுன் வடிகட்டியை நீங்களே பார்த்துவிடுங்கள் என்றாள். எனக்கே வடிகட்டி பாடமா என்று போனை வைத்தேன்.

5

இங்கே செய்முறை. மின்சாரத்தை முதலில் நிறுத்துங்கள். கீழ்த் தட்டடுக்கை வெளியே எடுங்கள். தேங்கிய தண்ணீரை டம்ளரால் மொண்டு வாளியில் ஊற்றி, மிச்சத்தைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். நான் தரையில் உட்கார்ந்து மொண்டுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து வெளிச்சம் விழுந்தது. மாமா டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்து, "அடைப்புத்தானாட்டம் இருக்குது" என்றார். என்னிடம் சொல்லவில்லை, மெஷினிடம் சொன்னார்.

நானும் மெஷினிடமே, "வடிகட்டியைத்தான் போன வாரமே கழுவியாச்சே" என்றேன்.

"ஓஸ் பைப்பு மடங்கியிருந்தாலும் தண்ணி நின்னுக்கும்."

"ஓஸைப் பாத்தாச்சு. நேராத்தான் இருக்கு."

கோயிலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆளுக்கொன்றாகச் சாமியிடம் முறையிடுவதுபோல இருவரும் அந்த மெஷினிடம் பேசிக்கொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழு வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசியதே இல்லை.

சரி, அந்தப் பெண் சொன்னதையும் பார்த்துவிடலாம் என்று வடிகட்டியைத் திருகினேன். வரவில்லை. பலம் கொண்டமட்டும் திருகி இழுத்தேன். வந்தது, கூடவே சோறும் வந்தது. கைப்பிடி கைப்பிடியாக. வடிகட்டியின் உள்ளே, அதன் அடியில், தண்ணீர் வெளியேறும் துவாரத்தின் வாயில், எங்கு பார்த்தாலும் ஊறிப் பருத்த சோறு. நடுவில் முருங்கைக்காய்ச் சக்கை. முருங்கைக்காய்ச் சாம்பார் நான் வைத்தது முந்தாநாள்.

இனியா ஊரில் இல்லை. செந்திலும் இல்லை. வீட்டில் இருப்பது இரண்டு பேர்; அதில் ஒருத்தி நான்.

நான் திரும்பவில்லை. டார்ச் வெளிச்சம் மட்டும் மெல்ல மெஷினை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது. மாமாவின் குரல் கேட்டது. இந்தமுறை அவர் மெஷினிடம் பேசவில்லை.

"நாந்தான் போட்டன் அம்மிணி. கழனித்தொட்டியில ஊத்தறாப்பல நெனச்சுப்போட்டன். இவ்வளவையும் கழுவுதே, சோத்தையும் கரைச்சு உட்ரும்னு இருந்தன்."

ஊர் வீட்டு வாசலோரம் கழனித்தொட்டி இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், மீந்த சோறு, காய்த்தோல் எல்லாம் அதில் விழும். விடிந்ததும் எருமை வந்து உறிஞ்சிவிட்டுப் போகும். சோறு அந்த வீட்டில் ஒருநாளும் குப்பைக்குப் போனதில்லை. இங்கேயோ பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் நான்கு நிறத்தில் குப்பைக்கூடைகள். எதில் எதைப் போடுவது என்று எனக்கே சில நாள் குழப்பம். அவற்றில் ஒன்றில் சோற்றைக் கொட்ட அவருக்குக் கை வந்திருக்காது. வயிற்றுக்குள் தண்ணீர் சுற்றும் இந்தப் பெட்டி அவருக்கு எருமையாகத் தெரிந்திருக்கிறது.

என்னையறியாமல் நானும் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன். "வேண்டாம்னா தட்டுலயே விட்டிருக்கலாமே மாமா?"

"தட்டுல உட்டா நீ ஆக்குனது புடிக்கிலீன்னு ஆயிப்போகும். அப்படியில்ல, நல்லாத்தான் ஆக்கற. நெம்ப வெச்சுப்போடற சாமி. போதும்னு நான் ஆருகிட்டச் சொல்றது?"

ஈரத்தரையில் கையில் சோற்றோடு உட்கார்ந்து நான் அழுதேன். அத்தை போனதற்கு நாங்கள் அழவேண்டியதை எல்லாம் அழுது முடித்துவிட்டோம் என்றுதான் இருந்தேன். அத்தை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பரிமாறுவார். அவர் வாயே திறக்க மாட்டார்; விரலை ஒரு மடக்கு மடக்கினால் அத்தையின் கரண்டி நின்றுவிடும். அந்த விரலைப் பார்க்கிற கண்ணும் சேர்ந்து போய்விட்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் பாட்டுக்குக் கோபத்தில் குவித்துக்கொண்டிருந்தேன். மனிதர் பயந்து சோற்றை ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அதுக்குத்தான் ஊருக்குப் போறேங்கறீங்களா?"

"அங்கன்னா நானே போட்டுக்குவன். அளவு தெரியும்."

"அங்க யார்கூட உக்காந்து சாப்பிடுவீங்க?"

அவர் டார்ச்சை மறுபடி மெஷினுக்குள் காட்டினார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிச்சச் சோற்றை வழித்தெடுத்தேன். துவாரத்துக்குப் பின்னால் பம்ப்பின் சின்ன விசிறி இருக்கும். அதில் எதுவும் சிக்காமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். விரலை விட்டுவிடாதீர்கள், உடைந்த கண்ணாடித் துண்டு கிடந்தால் கிழித்துவிடும். நான் மரக்கரண்டிக் காம்பால் தள்ளிப் பார்த்தேன். சுற்றியது. வடிகட்டியைத் தேய்த்துக் கழுவி, அதன் இடத்தில் உட்காரும்வரை திருகி, மின்சாரத்தைக் கொடுத்து, வெறும் மெஷினாக ஓடவிட்டேன். இருவரும் நின்று காத்திருந்தோம். கடகடவென்று தண்ணீர் வெளியேறும் சத்தம் கேட்டது.

"எறங்கிருச்சு" என்றார் மாமா.

6

அன்று பொழுதுசாயச் சோறு வடித்தேன். ஒரு தட்டுக்குப் பதிலாக இரண்டு தட்டு எடுத்தேன். அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று பார்த்தேன். போகவில்லை.

முதல் கரண்டி போட்டேன். இரண்டாவது பாதியில் இருக்கும்போது அவர் தட்டின்மேல் கையை நீட்டி மறைத்தார். "போதும்" என்றார். கரண்டியை நிறுத்தினேன். அது எனக்கு எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்று இனியாவுக்கு ஒருநாள் சொல்ல வேண்டும்.

பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. இந்த ஊர் உருளைக்கிழங்கு மாவாக இருக்கிறது என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்காமலே, ரசம் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். ஊற்றினேன்.

அப்போது செந்திலிடமிருந்து போன் வந்தது. அடுத்த வாரத்துக்கு டிக்கெட் இருக்கிறது, அப்பாவுக்கு மாற்றிவிடவா, இப்போதே சொல், விலை ஏறிவிடும் என்று அவசரப்பட்டார். நான் என்னவென்று சொல்ல? போனை ஒலிபெருக்கியில் போட்டு மாமாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் பேசினார்.

"டிக்கெட்டெல்லாம் கெடக்குது உடு. அப்பறம் கூப்புடு கண்ணு, நாங்க சாப்புட்டுட்டு இருக்கறோம்."